இடது இடுப்பு தளர்ச்சி

ராணிப்பேட்டையில் தோல் தரம் பிரிக்கிற வேலை எனக்கு.
உண்ணி கடித்த புள்ளி, முள்கம்பி கிழித்த கோடு,
அம்மைத் தழும்பு:
விளக்குக்குக் கீழே விரித்துவிட்டால்
எந்த ஆடும் எதையும் மறைக்க முடியாது.

சாயங்காலம் சத்துவாச்சாரியில் இறங்கி
கையை ரெண்டு தரம் சோப்புப் போட்டுக் கழுவி
ரோபோ பார்ப்பேன்.
லாரி, ஜீப், விமானம், ஒரு குப்பை வண்டிகூட உண்டு;
மடக்கி நிமிர்த்தினால் ஆளாக எழுந்து நிற்கும்.
மொத்தம் அறுபத்து மூன்று.
பீரோவில் முப்பது போக
மீதி கட்டிலுக்கடியில், செருப்பு டப்பாக்களில்.
குணவதி அவற்றுக்கு வைத்த பெயர் லாரி மனுஷங்க.
'அவருக்கு இது ஒண்ணுதான் செலவு' என்பாள் வருகிறவர்களிடம்,
பெருமையா புகாரா தெரியாத குரலில்.

கோடு போட்ட நோட்டு. ஐந்து கட்டம்.
வண்டியாக: நாலு சக்கரமும் தரை தொடுகிறதா,
கதவிடுக்கில் விரல் தெரிகிறதா.
ஆளாக: தானே நிற்கிறதா,
வண்டிக் கூரையை முதுகில் மூட்டையாகச் சுமக்கிறதா.
மூட்டு கடக் கடக்கென்று பிடிக்க வேண்டும்,
வழவழவென்று போனால் போச்சு.
பெயிண்ட். கடைசியாக, கொடுத்த காசு.
பத்துக்குப் பத்து இதுவரை ஒன்றும் வாங்கவில்லை.

லாங் பஜாரில் முனவ்வர் கடை.
ஹார்பரிலிருந்து கிலோ கணக்கில் வந்த
பழைய பொம்மைச் சாக்குக்குள்
தோள்வரை கையை விட்டுத் துழாவினேன்.
சிவப்பாக ஒரு தீயணைப்பு வண்டி அகப்பட்டது.
இழுத்தேன், வரவில்லை.
அந்தப் பக்கம் இன்னொரு கை.

'இன்னா சார், ஒரு வண்டிக்கு ரெண்டு டிரைவரா?
நூத்தம்பது. யாராச்சும் குடுங்க.'
ஆளுக்கு எழுபத்தஞ்சு போட்டோம்.

தபன் மைத்தி. மேதினிப்பூர்.
மனைவி ரேபாவின் வைத்தியத்துக்கு வந்தவர்,
மூன்று மாதமாக காந்தி ரோட்டுப் பின்சந்து லாட்ஜில்
பம்ப் ஸ்டவ்வும் கடுகெண்ணெயுமாகக் குடித்தனம்.
'அடுத்த வாரம் ரிப்போர்ட்'
இதை மட்டும் பிசிறில்லாத தமிழில் சொல்வார்.

லாட்ஜ் மொட்டைமாடி, ஈரத் துணிகள்.
எதிர்ப் பாறைமலை பகல் வாங்கிய சூட்டைத்
திருப்பித் தரும் நேரம்.
ஏணியை மடித்தேன், கதவு தோளாயிற்று,
சக்கரங்கள் கணுக்காலுக்குப் போயின.
வயிற்றுக்குள் சிக்கிய தலையை
ரேபா கொண்டை ஊசியால் நெம்பி எடுத்தாள்.
நான் எழுதினேன்: ஒரு முஷ்டி இல்லை.
இடது இடுப்பு தளர்ச்சி. ஆறு.

அவர் நோட்டை வாங்கி ஓரத்தில் எட்டு போட்டார்.
எனக்குச் சுருக்கென்றது.
தளர்ந்த இடுப்புக்கு எட்டா?
தாராளம் காட்டத்தான் தெரியும் இந்த ஆளுக்கு.
ரேபா வாயைப் பொத்திக்கொண்டு
நாலு விரலை நீட்டினாள்.
அவர்கள் எழுத்தில் நாலு அப்படித்தான் இருக்குமாம்.

நாலா!
ஆறு போட்ட நானே அதற்காக வாதாடினேன்:
ஏணியைப் பாருங்க, சிவப்பு எங்கேயாவது உரிஞ்சிருக்கா பாருங்க.
அவர் பேசாமல் அதைப் பாதிவரை மடக்கித்
தரையில் வைத்தார்.
வண்டியும் இல்லை, ஆளும் இல்லை.
தொப்பென்று குப்புற விழுந்தது.

பிறகு சட்டைப் பையிலிருந்து
தன்னுடைய மஞ்சள் ஜீப்.
அதையும் பாதியில் நிறுத்தினார்.
ஒரு கதவு கையாகி, மறு கதவு கதவாகவே இருக்க,
முகம் இன்னும் வெளியே வராமல்
அது நின்றது.
காற்றடித்துத் துணிகள் பறந்தபோதும்.
'மாஜ்கானே' என்றார்,
இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவிலிருந்த
வெற்றிடத்தைக் காட்டி.

ஒரு செவ்வாய்க்கிழமை காட்பாடியில் ரயில் ஏறினார்கள்.
ரிப்போர்ட் என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை.
தமிழில் கேட்டிருந்தால் புரிந்திருக்கும்.
வண்டி என்னோடு, ஏணி அவரோடு.
எழுபத்தஞ்சு ரூபாய்க்கு அது சரிதான்.

அன்று ராத்திரி ஆறாவது கட்டம் போட்டு
அறுபத்து மூன்றையும் இறக்கி
ஒவ்வொன்றாகப் பாதியில் நிறுத்தினேன்.
பதினேழு நின்றன.
தண்ணீர் குடிக்க எழுந்த குணவதி
புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு
ஒன்றும் தட்டாமல் நடுவில் நடந்துபோனாள்.

தீயணைப்பு வண்டி ஐந்து தரம் விழுந்தது.
ஆறாம் தரம் இடுப்புக்கடியில்
ஒரு தோல் துண்டைச் சொருகினேன்.
நின்றது. கள்ள வேலை, நோட்டில் ஏற்றவில்லை.

ஓரத்தில் அவர் போட்டது அப்படியே இருக்கிறது.
யாராவது கேட்டால்
எட்டு என்றுதான் சொல்வேன்.